செம்போத்து: நிறம், இறகு, கண், கால் – நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் செம்போத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வாழைத்தோட்டத்துக்குள், பனங்காட்டு வடலிக்குள், வாய்க்கால் கரைத் தாழம்புதருக்குள் கறுப்பும் சிவப்புமாக ஒன்று நடந்து போகும். ஆனால் நின்று பார்த்தவர்கள் குறைவு. கண்ணில் பட்டதும் சகுனம் பேசுவோம், மருந்து பேசுவோம், சஞ்சீவி வேர் பேசுவோம். அதன் இறகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பறவையின் உடம்பில் இருக்கும் ஒவ்வொன்றும் புதருக்கடியில் நடந்து பிழைப்பதற்கு ஏற்ப அமைந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண், அலகு, நகம், வால் எல்லாவற்றுக்கும் காரணம் பிடிபடும். ஊரில் பலரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன்.

செம்போத்து, செம்பூத்து, செண்பகம் – எல்லாம் ஒரே பறவையா?

ஒரே பறவைதான். செம்பகம் என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் சென்ட்ரோபஸ் சைனென்சிஸ். 1815-இல் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை முறைப்படி விவரித்தார். இந்தியா, இலங்கை தொடங்கி தென்சீனம், இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. நம்மிடம் இருப்பது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய உள்ளினம், அதாவது அதே இனத்துக்குள் ஒரு பிரிவு. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பார்த்தவுடன் அடையாளம் காண எதைக் கவனிக்க வேண்டும்?

அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை சுமார் 48 சென்டிமீட்டர். உடம்பு அண்டங்காக்கை அளவு, வால் மட்டும் காக்கைக்கு இருப்பதைவிட வெகு நீளம், அகலம். தலை, கழுத்து, மார்பு, வயிறு, வால் எல்லாம் கறுப்பு. சிறகு மட்டும் செம்பழுப்பு. கண் சிவப்பு. அலகு கறுப்பாகத் தடித்து, நுனியில் வளைந்திருக்கும்.

இதைவிட எளிய அடையாளம் நடை. தத்தித் தத்திப் போகாது. தலையைத் தாழ்த்தி, வாலைத் தரைக்கு இணையாக நீட்டி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடக்கும். வரப்பில் நாம் எதிரே வந்தால் பறக்கத் தயங்கும். முதலில் நடையை எட்டிப் போட்டு, பக்கத்துப் புதருக்குள் நுழையப் பார்க்கும். வேறு வழியே இல்லை என்றால்தான் சிறகை விரிக்கும்.

குயில் குடும்பம் என்கிறார்கள். காக்கை மாதிரி அல்லவா இருக்கிறது?

நிறமும் அளவும்தான் காக்கையைச் சேர்ந்தவை. காலைப் பாருங்கள். காக்கைக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. செம்போத்துக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. குயில் குடும்பம் முழுவதற்கும் இந்த அமைப்புதான். வாலிலும் குயில்களுக்குரிய பத்து இறகுகளே இருக்கும், காக்கைக்குப் பன்னிரண்டு. ஈர மண்ணில் கால்தடம் கிடைத்தால் ஒரு நொடியில் பிரித்துவிடலாம்: முன்னுக்கு இரண்டு கோடு, பின்னுக்கு இரண்டு கோடு. பிசான நெல் பருவத்துக்கு நாற்றங்கால் ஓரம் சேறு கிடக்கும் நாட்களில் இந்தத் தடத்தைத் தேடிப் பார்க்கலாம்.

கறுப்பு என்கிறீர்கள். சில நேரம் நீலமாகத் தெரிகிறதே?

இரண்டும் சரி. இறகுக்குள் இருக்கும் நிறமி மெலனின், அது கறுப்பு. அதன் மேல் தெரியும் நீலம் நிறமி அல்ல. இறகின் மிக நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போதுதான் நீலமும் பச்சையும் கலந்த மினுக்கம் பிறக்கிறது. பறவை திரும்பினால் அது ஊதாவாகும். நிழலுக்குள் போய்விட்டால் வெறும் கறுப்பு.

அதனால் மேகமூட்டமான நாளில் பார்த்தவரும் காலை ஏழு மணி வெயிலில் பார்த்தவரும் ஒரே பறவையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். இருவரையும் நம்பலாம். வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு, செம்போத்தின் மேல்முதுகையும் மார்பையும் பார்த்தால் இந்த மினுக்கம் முழுதாகத் தெரியும்.

சிறகின் சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு?

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் மழையில் நனைந்தால் வரும் நிறத்துக்கு நெருக்கம். தமிழில் செம்பழுப்பு என்று எழுதுகிறோம். இதுவும் மெலனினில் ஒரு வகைதான், செந்நிறம் தரும் வகை. பறப்பதற்கான நீண்ட இறகுகளின் நுனியில் சற்றே கருமை படர்ந்திருக்கும். சிறகு மடங்கியிருக்கும்போது அது கண்ணில் படாது. விரித்து வெயில் காயும்போது தெரியும்.

சிறகின் வடிவம் நிறத்தைவிட முக்கியம். குட்டை, அகலம், முனை உருண்டை. பருந்துக்கு இருப்பது நெடுந்தூரம் மிதப்பதற்கான சிறகு. செம்போத்துடையது ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போகப் போதுமானது. நான்கைந்து சிறகடி, பிறகு ஒரு சறுக்கல், அவ்வளவுதான். கன்னடியன் கால்வாயை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்கும்போது பார்த்தால், அந்தச் சின்ன தூரத்துக்கே அது எவ்வளவு பாடுபடுகிறது என்பது புரியும்.

கழுத்து இறகு முரடாக இருக்குமாமே?

ஆம். உதிர்ந்த இறகு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். தலை, கழுத்து, மார்பு இறகுகளின் நடுத்தண்டு விறைப்பாக, பளபளப்பாக இருக்கும். விரல் நுனியில் வைத்து மெல்ல அழுத்தினால் குத்துவது தெரியும். அதே பறவையின் வயிற்றுப் பக்கத்து இறகு அப்படியல்ல, தளர்வாகவும் மென்மையாகவும் இருக்கும்.

உடைமுள்ளுக்குள்ளும் சீமைக்கருவேலத்துக்குள்ளும் தலையை முதலில் நுழைத்துப் போகிற பறவை இது. முன்பக்க இறகு விறைப்பாக இருப்பது அந்தப் பிழைப்புக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணைச் சுற்றிக் குட்டையான, கறுத்த இமைமயிரும் உண்டு. நல்ல தொலைநோக்கி இருந்தால் அதையும் பார்க்கலாம். நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது அதைத்தான். இமைமயிருள்ள சிவந்த கண்ணை ஒருமுறை அருகில் பார்த்தவர், பிறகு இந்தப் பறவையின் மேல் கல் எறியமாட்டார்.

கண் ஏன் அவ்வளவு சிவப்பு? கோபமா?

கோபம் இல்லை. வளர்ந்த பறவையின் கருவிழியைச் சுற்றியுள்ள வளையம் மாணிக்கச் சிவப்பு. அது பிறவி நிறமும் அல்ல. குஞ்சுக்குக் கண் பழுப்பு நிறம். வளர வளரச் சிவப்பேறும். ஆக, கண்ணைப் பார்த்து வயதை ஓரளவு சொல்லிவிடலாம். ஆண் குயிலுக்கும் சிவந்த கண்தான்.

காலில் முள் இருக்கிறது என்பது உண்மையா?

முள் அல்ல, நகம். பின்பக்கம் போகும் இரண்டு விரல்களில் உள்விரலின் நகம் மற்ற நகங்களைப் போல வளையாமல், நீண்டு, நேராக, ஈட்டி முனையாகப் பின்னால் நிற்கும். இந்தப் பேரினம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் அது. இல்லிகர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1811-இல் பேரினத்துக்கு, ‘முள்கால்’ என்று பொருள்படும்படி, சென்ட்ரோபஸ் என்று பெயர் வைத்ததும் அந்த நகத்தைக் கண்டுதான்.

சேவலின் கால்முள்ளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேவலுக்கு அது விரல்களுக்கு மேலே காலில் தனியாகப் புறப்படும், சண்டைக்குப் பயன்படும். செம்போத்தின் நகம் விரலின் முனையில்தான் இருக்கிறது. கால் முழுவதும் கறுப்பு, உறுதி. நடப்பதற்கும் கொடிகளுக்குள் ஏறுவதற்கும் ஆன கால். கிளைக்குக் கிளை பறக்காமல் ஏணியில் ஏறுவதுபோல அது மரத்துக்குள் ஏறுவதைப் பார்த்தால், கால் பார்க்கும் வேலையின் அளவு விளங்கும்.

வால் அவ்வளவு நீளம் எதற்கு?

மொத்த நீளத்தில் ஏறத்தாழ பாதி வால். பத்து இறகுகளும் ஒரே அளவல்ல. நடுவில் உள்ளவை நீளம், ஓரத்துக்குப் போகப் போகக் குட்டை. அதனால் விரித்தால் முனை உருண்டையாகத் தெரியும். நடக்கும்போதும் கொடிகளுக்குள் ஏறும்போதும் உடம்பைச் சமன்படுத்த வால் உதவுகிறது. தரையிலும் முள்ளிலும் இழுபடுவதால் நுனி தேய்ந்து, சிலசமயம் பிய்ந்தே இருக்கும். பிய்ந்த வாலைப் பார்த்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆண் எது, பெண் எது?

இறகை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே செம்பழுப்பு, ஒரே சிவந்த கண். பெண் சற்றுப் பெரியது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஒருவேளை தெரியலாம். தனியாக ஒன்றைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை.

குரல் உதவும். இரண்டும் மாறி மாறிக் கூப்பிடும் வழக்கம் உண்டு. அதில் தாழ்ந்த சுருதியில் வருவது பெண்ணுடையது. உருவம் பெரியது, குரல் கனம்: இரண்டும் பெண்ணுக்கே.

கூட்டில் இருந்த குஞ்சுக்கு வெள்ளை முடி இருந்தது. அது செம்போத்துக் குஞ்சுதானா?

சந்தேகமே வேண்டாம், அதுதான். பொரித்த குஞ்சின் தோல் கறுப்பு. அந்தக் கறுந்தோலின் மேல் வெள்ளை நிறத்தில் முடிபோலத் தெரியும் இழைகள் கிளம்பி நிற்கும். அவை முடியல்ல, இறகின் முதல் வடிவம். கண்ணுக்கு மேலும் அலகுக்கு மேலும் அந்த இழைகள் ஒரு விளிம்பாகத் தொங்கும். வயிற்றின் நடுப்பகுதி இளஞ்சிவப்பு. மேல் அலகு கறுப்பு, அதன் விளிம்பு மட்டும் இளஞ்சிவப்பு. வாயோரம் மஞ்சள். கால் கரும்பழுப்பு.

பார்க்கிறவர்கள் பயந்துவிடுவது இயல்பு. கறுப்பு உடம்பில் வெள்ளை இழையோடு வாயைத் திறந்து கிடக்கும். ஏதோ கெட்டது என்று நினைத்துக் கூட்டையே கலைத்தவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 18 முதல் 22 நாட்களில் அதே குஞ்சு இறகு முளைத்துக் கூட்டை விட்டு இறங்கிவிடும்.

கூட்டை விட்டு வந்த இளம் பறவை எப்படி இருக்கும்?

மினுக்கம் இல்லாத கறுப்பு, எல்லாமே மங்கல். வடக்கே உள்ள உள்ளினங்களின் இளம் பறவைக்குச் செம்பழுப்புச் சிறகின் மேல் கரிய பட்டைகள் ஓடும். நம் தெற்கத்தி உள்ளினத்தில் அந்தப் பட்டைகள் இருக்காது. வளர்ந்த பறவையின் சிறகைவிட அழுக்கேறின, கருமையான செம்பழுப்பாக இருக்கும். பறவைப் புத்தகத்தில் பட்டை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, அம்பாசமுத்திரத்துத் தோட்டத்தில் அதைத் தேடி ஏமாறுகிறவர்கள் பலர். படம் வடநாட்டுப் பறவையுடையது.

நம் உள்ளினத்துக்கு வேறென்ன தனி அடையாளம்?

பாரோட்டி என்பது இதன் பெயர். ஸ்ட்ரெஸ்மன் 1913-இல் பிரித்து எழுதினார். தலை கறுப்பு, நெற்றி, முகம், தொண்டை மூன்றும் சற்றுப் பழுப்பேறியிருக்கும். மேல்முதுகிலும் வயிற்றுப்புறத்திலும் மினுக்கம் நீலமும் பச்சையும் கலந்து வரும். இதைத் தனி இனமாகவே பிரித்துத் தென்னகச் செம்போத்து என்று கொள்ள வேண்டும் என்று சொல்லும் பறவையியலாளர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான பட்டியல்கள் பிரிக்காமலே வைத்திருக்கின்றன. முகத்துப் பழுப்பு தூரத்திலிருந்து தெரியாது. பாளையங்கால்வாய்க் கரையில் காலை வெயிலுக்கு வந்து உட்காரும்போது கூர்ந்து பார்த்தால், கழுத்துக் கறுப்பும் முகத்துக் கறுப்பும் ஒன்றல்ல என்று பிடிபடும்.

காலையில் சிறகை விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, அடிபட்டதா?

இல்லை. வெயில் காய்கிறது. இரவெல்லாம் பனி விழுந்த புல்லும் கொடியும் நனைந்து கிடக்கும். அதற்குள் நடந்தால் தளர்வான இறகு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். வெளிச்சம் வந்ததும் புதரின் உச்சிக்கோ வேலியின் மேலோ ஏறி, முதுகைக் கிழக்குக்குக் காட்டி, இரண்டு சிறகையும் தொங்கவிட்டு, வாலை விசிறியாக விரித்துவிடும். சில நாள் தனியாக, சில நாள் ஜோடியாக.

இறகைப் படிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வழக்கமாக இலைக்குப் பின்னால் அரைகுறையாகத் தெரிகிற பறவை, தானே முன்வந்து சிறகின் ஒவ்வொரு இறகையும் பிரித்துக் காட்டுகிறது. மார்கழி, தை மாதங்களில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வயல் ஓரங்களில் சூரியன் வந்த முதல் ஒரு மணி நேரம் பாருங்கள். கிட்டே போகாதீர்கள். அது குளிரோடு இருக்கும் நேரம். துரத்தினால் ஈரச் சிறகோடு திரும்பவும் ஈரப் புதருக்குள்தான் போக வேண்டும்.

வெள்ளைச் செம்போத்து என்று ஒன்று உண்டா?

தனி இனமாக இல்லை. நிறமி குறைந்து பிறக்கும் பறவைகள் எல்லா இனத்திலும் அபூர்வமாக உண்டு. செம்போத்திலும் அப்படி வெளுத்தவை பதிவாகியிருக்கின்றன. கூட்டம் கூட்டிப் படம் எடுத்து அதைத் துரத்தாமல் இருப்பதே நல்லது.

எந்தெந்தப் பறவையோடு குழப்பம் வரும்?

ஆண் குயில்: முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. ஆனால் அலகு வெளிர்பச்சை, சிறகில் சிவப்பு இல்லை, தரைக்கு வருவது மிக அரிது. வால்காக்கை: உடம்பு செம்பழுப்பு, வால் நீளம், ஆனால் சிறகில் வெளிர்சாம்பல் பட்டை தெளிவாகத் தெரியும்; மரத்திலேயே இருக்கும். செம்பருந்து: தலையும் மார்பும் வெள்ளை; வானத்தில் வட்டமிடும். செம்போத்தை ஒருநாளும் வானத்தில் வட்டமிடப் பார்க்க முடியாது.

குயில் குடும்பத்திலேயே இன்னும் இரண்டு உண்டு. பச்சைவாயன் சாம்பலும் பச்சையும் கலந்த உடம்பு, பச்சை அலகு, கண்ணைச் சுற்றி நீலத்தோல், வால் இறகுகளின் நுனியில் வெள்ளை. புதருக்குள் கொடியோடு கொடியாக மறைந்திருக்கும். மற்றது வறண்ட முட்காட்டில் வாழும் தரைக்குயில். உடம்பு மணல் நிறப் பழுப்பு, அலகு செர்ரிப்பழச் சிவப்பு, அதன் நுனி மஞ்சள். வாலின் ஓரத்து இறகு நுனிகள் வெள்ளை. அதுவும் செம்போத்தைப் போலத் தரையில் ஓடும், பறக்கத் தயங்கும். ராதாபுரம், நாங்குநேரி வட்டத்து உடைமரக் காடுகளில் நடக்கிறவர்கள் அந்தச் சிவந்த அலகுக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எளிதில் கிடைக்கிற பறவை அல்ல.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். செம்போத்தும் அப்படியா?

கிடையாது. இது தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே வளர்க்கிற பறவை. ஓலை, புல், இலை, குச்சி கொண்டு ஆழமான கிண்ணமாகக் கட்டி மேலே கூரையும் வைத்துவிடும். அடர்ந்த கொடிப்புதர், மூங்கில், பனை மண்டை, வடலிக்குள் ஓலைமட்டைகளின் இடுக்கு – இவை பிடித்த இடங்கள். தெற்கே மழையை ஒட்டி, ஜூன் முதல் செப்டம்பர் வரை முக்கிய காலம். இங்கே அது சாரல் காலம், கார் சாகுபடிக் காலம்.

மூன்று முதல் ஐந்து முட்டை. முட்டை சுண்ணாம்பு வெள்ளை, மேலே ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும், நாளாக ஆக அது தேய்ந்துவிடும். 15, 16 நாளில் பொரிக்கும். தென்னிந்தியாவில் செய்த ஓர் ஆய்வில் முட்டைகளில் 77 விழுக்காடு பொரித்தன. 67 விழுக்காடு பறக்கும் நிலைக்கு வந்தன. இட்டு முடிப்பதற்கு முன்பே கூட்டைக் கண்டு சூறையாடுவது பெரும்பாலும் அண்டங்காக்கைதான்.

அந்த அலகால் என்ன தின்னும்?

நத்தை, வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, ஓணான், எலிக்குஞ்சு, சிறு பாம்பு. சுருட்டைவிரியனைக்கூடத் தின்னும். மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விடாது. பழமும் தின்னும், மனிதருக்கு நஞ்சான பொன்னரளிக் காயையும் கொத்தும். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றில் நத்தையே முதல் உணவாக இருந்தது. தடித்து வளைந்த அலகு ஏன் என்பதற்கு நத்தை ஓட்டைப் பார்த்தால் போதும். வாழைத்தோட்டம் வைத்திருக்கும் சம்சாரிகளுக்கு இது செய்யும் உபகாரம் பெரிது. நத்தைக்கு மருந்து வைப்பவர்கள், அதைத் தின்ன வரும் செம்போத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

செம்போத்துக் கறி நெஞ்சுச்சளிக்கும் காசநோய்க்கும் மருந்து என்கிறார்களே?

மருந்து அல்ல. பழைய நம்பிக்கை, இதனால் செத்த பறவைகள் ஏராளம். காசநோய் கிருமியால் வருவது. அதற்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம், இடையில் விடாமல் சாப்பிட வேண்டும். கறியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டால் நோயாளிக்கும் ஆபத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து. வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் கோபப்படாமல், இரண்டு வார இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செம்போத்தைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கண்ணி வைத்திருப்பதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லலாம்.

கூட்டில் சஞ்சீவி வேர் இருக்குமா?

குஞ்சின் காலில் இரும்புச் சங்கிலி கட்டினால் தாய்ப்பறவை சஞ்சீவி வேரைக் கொண்டுவந்து அறுத்துவிடும், கூட்டை ஆற்றில் விட்டால் எதிர்த்து நீந்தும் குச்சிதான் அந்த வேர் – சின்ன வயதில் கேட்காதவர் யார்? சங்கிலி அறுவதில்லை. கட்டுண்ட குஞ்சின் கால் வீங்கும், கூட்டை விட்டு இறங்க வேண்டிய நாளில் இறங்க முடியாது, எறும்பும் காக்கையும் வந்துவிடும். கதையாகச் சொல்வதில் குறையில்லை. பிள்ளைகள் அதைச் செய்து பார்க்கக் கிளம்பினால் தடுக்க வேண்டியது நாம்தான். ஆற்றோடு போகும் கூட்டில் இருப்பது ஓலையும் புல்லும். தாமிரபரணி எல்லாவற்றையும் கிழக்கேதான் கொண்டுபோகும்.

இடமிருந்து வலம் போனால் நல்லதா, வலமிருந்து இடமா?

ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறார்கள். அது இரை தேடிப் போகிறது. ஒரு நிமிடம் நின்று, எந்தப் புதருக்குள் நுழைகிறது என்று பாருங்கள். மறுநாளும் அதே பக்கம்தான் வரும். தென்னிந்தியாவில் கணக்கெடுத்ததில், கூடு வைத்த ஒரு ஜோடியின் நடமாட்ட எல்லை 0.9 முதல் 7.2 ஹெக்டேர், சராசரி 3.8 ஹெக்டேர். நம் தெருவில் தென்படுவது நம் தெருவிலேயே குடியிருக்கும் பறவை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

எங்கும் போக வேண்டாம். வாழை, கொடிக்கால், பனங்காடு, வைக்கோல் படப்பு, வேலி எது இருந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள்; அதே குளத்தங்கரைக் கருவேலத்துக்கடியில் செம்போத்து நடந்துகொண்டிருக்கும். பாபநாசத்து அடிவாரத்திலும் களக்காடு பக்கத்துத் தோப்புகளிலும் எளிதாகத் தென்படும்.

முதலில் காதைக் கொடுங்கள். ‘ஊப் ஊப் ஊப்’ என்று அடித்தொண்டையிலிருந்து, ஒரே சீராக, வரிசையாக வரும் குரல். வெயில் ஏறும் காலையும் சாயும் மாலையும் நடமாட்டம் மிகுதி.

இருப்பது குறைகிறதா என்று கேட்பவர்களுக்கு: உலக அளவில் அழியும் பட்டியலில் இது இல்லை. ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது வேறு. வேலிக்குப் பதில் காம்பவுண்டுச் சுவர், வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை, சுத்தம் என்ற பெயரில் வெட்டிச் சாய்க்கும் தாழம்புதர். நடக்கிற பறவைக்கு ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தொடர்ச்சி வேண்டும். தோட்டத்தின் ஒரு ஓரத்தில் நான்கு செண்ட் கொடியும் முள்ளுமாக விட்டுவைத்தால் ஒரு ஜோடிக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

குஞ்சு கீழே கிடந்தால் எடுத்து வளர்க்கலாமா?

வேண்டாம். இறகு முளைத்த குஞ்சு, பறக்கத் தெரியுமுன்பே கூட்டை விட்டு இறங்கிப் புதருக்குள் நடப்பது இதன் சுபாவம். பூனையும் நாயும் எட்டாத அடர்ந்த இடத்தில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். பெற்றவை வந்து ஊட்டும். வெள்ளை இழையோடு இறகே இல்லாமல் கிடந்தால் கூடு மேலேதான் இருக்கும், திருப்பி வைக்கலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கைபேசியில் எடுத்தால் வெறும் கறுப்புக் கட்டியாக விழுகிறது. என்ன செய்ய?

கறுப்பு உடம்பை விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மினுக்கமும் முகத்துப் பழுப்பும் வெளியே வரும். சிறகின் சிவப்பு வெளுத்துப்போகும் அளவுக்கு ஏற்ற வேண்டாம். உச்சிவெயிலில் எடுக்காதீர்கள். வெயில் காயும் நேரத்தில், பறவைக்குக் கிழக்கே தள்ளி நின்று, உயரத்தை அதன் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் சிவந்த கண்ணும் இமைமயிரும் பதியும். காலையும் சேர்த்து எடுங்கள். பின்விரல் நகம் தெரிகிற படம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அதையே முதலில் மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.